பக்கத்து ஆளின் பெயர்

அழகுமலைக்குக் கடல் பிடிக்காது. ஒன்பது வருஷமாகக் கடலில்தான் பிழைப்பு. இருந்தும் ஒருநாள்கூட அதைப் பார்த்து அவன் மனசு குளிர்ந்ததில்லை.

போடிநாயக்கனூரில் பிறந்து, போடிமெட்டு மலையில் பதினாறு வருஷம் ஜீப் ஓட்டியவன் அவன். இப்போது ஓமான் நாட்டின் தெற்குக் கரையில், வாடகைக்கு விடும் சொகுசுப் படகு ஒன்றில் வேலை. எட்டுப் பேர், பத்துப் பேராகச் சேர்ந்து வெளிநாட்டுக்காரர்கள் அந்தப் படகை ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு ஊர் வேண்டாம், கடைத்தெரு வேண்டாம். மனிதர் இல்லாத பாலைத்தீவுகள் வேண்டும். ஆமை முட்டையிட ஏறிவந்த தடம் வேண்டும். திமிங்கிலம் மூச்சுவிடுவதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

பெரிய படகு தீவை நெருங்க முடியாது; அடியில் பாறை. அரை மைல் தள்ளி நங்கூரம் போட்டுவிடுவார்கள். அங்கிருந்து விருந்தாளிகளை ரப்பர் படகில் ஏற்றிக் கரையில் இறக்குவதும், பார்த்து முடித்ததும் திரும்ப ஏற்றி வருவதும் அழகுமலையின் வேலை.

"அங்க ஜீப்பு, இங்க ரப்பரு. ரெண்டுலயும் ஆள ஏத்தி எறக்குறதுதான் சோலி. என்ன, இங்க வளைவு இல்ல," என்று மனைவி சூர்யகலாவிடம் போனில் சொல்வான்.

"வளைவு இல்லாட்டி தூக்கம் வருமே," என்பாள் அவள்.

தூக்கம் வந்ததில்லை. அலுப்புதான் வந்தது. அந்தத் தீவுகளில் மரம் என்று ஒன்று கிடையாது. வெந்த செங்கல் நிறத்தில் பாறை, அதன்மேல் பறவைகளின் வெள்ளை எச்சம், கீழே கொதிக்கும் மணல். ஏலச்செடி நிழல் இல்லாமல் பிழைக்காது. அந்தச் செடிகளுக்கு நடுவே வளர்ந்தவன் அவன். விருந்தாளிகள் கேமராவும் கையுமாக அலையும் இரண்டு மணி நேரமும், ரப்பர் படகின் பக்கவாட்டில் விழும் ஒரு முழ நிழலில் முதுகை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆமைத் தடத்தை முதல்முறை பார்த்தபோது, இந்தத் தீவில் யார் டிராக்டர் ஓட்டியது என்று நினைத்தான். திமிங்கிலம் பக்கத்தில் வந்து மூச்சுவிட்டபோது எல்லாரும் மெய்மறந்து நின்றார்கள். அவனுக்கு அழுகிய மீன் நாற்றம் மட்டும் மூன்று நாள் மூக்கில் இருந்தது.

திரும்பும்போது அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகும் மோட்டாரை முடுக்கமாட்டான். ஒவ்வொருவரும் தனக்குப் பக்கத்தில் இருப்பவரின் பெயரைச் சொல்ல வேண்டும். தன் பெயரை அல்ல, பக்கத்து ஆளின் பெயரை. "நெக்ஸ்ட் ஆள், நேம்," என்று அவன் விரலை நீட்டும்போது விருந்தாளிகள் சிரிப்பார்கள். ஆனால் திரும்பி முகத்தைப் பார்த்துச் சொல்வார்கள். வட்டம் முடிந்த பிறகுதான் படகு நகரும். ஓட்டுகிறவன் பெயரை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அந்த வழக்கத்தை உண்டாக்கியவள் மூக்கம்மாள்.

போடியிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்புகள் மலையேறும். ஏலத்தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போகிற பெண்கள் அதில் நெருக்கியடித்துக்கொண்டு போவார்கள். விளைந்த ஏலக்காயை மலையில் பழம் என்றுதான் சொல்வார்கள். அது செடியின் காலடியில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். மேலே ஏலத்தட்டை இரண்டு ஆள் உயரத்துக்கு மூடியிருக்கும். ஐந்தடி தள்ளி ஒருத்தி உட்கார்ந்திருந்தால்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

அழகுமலை ஜீப்பில் வழக்கமாகப் பதினான்கு பேர். மாலையில் புறப்படும்முன் அவன் தலைகளை எண்ணுவான். ஒருநாள் மூக்கம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். அவள் அவனுக்கு ஒன்றுவிட்ட அத்தை முறை. பின்சீட்டின் மூலையில் அவளைத் தவிர யாரும் உட்காரமாட்டார்கள்.

"என்ன மாப்ளே, வெரல மடக்கிக்கிட்டு இருக்க?"

"பதினாலு சரியா இருக்கான்னு பாக்குறேன் அத்தே."

"தலைய எண்ணுறதுக்கு நாங்க என்ன ஆடா? பேரச் சொல்லச் சொல்லு. அதுலயும் அவளவ பேரு வேணாம். பக்கத்துல இருக்கிறவ பேரு. அப்பத்தான் திரும்பி மொகத்தப் பாப்பாளுக."

"காலையிலருந்து இவ மொகத்தத்தான் பாக்குறேன், திரும்பவும் பாக்கணுமாக்கும்," என்றாள் ஒருத்தி. ஜீப் முழுக்கச் சிரிப்பு. ஆனால் மறுநாளிலிருந்து அதுவே அந்த ஜீப்பின் சட்டமாயிற்று. மற்ற டிரைவர்கள் கேலி செய்தார்கள். அழகுமலை விடவில்லை, ஒரே ஒருநாளைத் தவிர.

அது ஆகஸ்ட் மாதம். விடாத மழை. மலைப்பாதையில் ஒரு வளைவில் கல் சரிந்துவிட்டது, ஐந்து மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள் என்று செய்தி வந்தது. பெண்கள் தலையோடு கால் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு ஓடிவந்து ஏறினார்கள். "வெரசா எடு அண்ணே, பிள்ளைக தனியா கெடக்கும்," என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அழகுமலை திரும்பிப் பார்த்தான். கண்ணாடித் தாளுக்குள் குனிந்த தலைகள். விரலை மடக்கி எண்ணினான். பதினான்கு. பின்மூலையிலும் ஆள் இருந்தது. வண்டியை எடுத்துவிட்டான்.

மலையடிவாரத்தில் முந்தலுக்கு வந்து தாள்களை உதறியபோதுதான் தெரிந்தது. பின்மூலையில் இருந்தவள் மூக்கம்மாள் இல்லை. தன் ஜீப்பைத் தவறவிட்டுவிட்டு, கண்ணில் பட்ட வண்டியில் ஏறிக்கொண்ட வேறொரு தோட்டத்துப் பெண். அது யாருடைய இடம் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

அழகுமலை வண்டியைத் திருப்பினான். இரண்டாவது வளைவில் தடுப்புப் போட்டிருந்தார்கள். அவன் இறங்கி வந்த பிறகு மண் சரிந்து, அதற்கு மேல் பாதையே இல்லாமல் போயிருந்தது. தோட்டத்துக்குப் போன் அடித்தார்கள். மழையில் டவர் படுத்துவிட்டிருந்தது. தடுப்புக்கு இந்தப்பக்கம் ஜீப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவன் விடியவிடிய உட்கார்ந்திருந்தான்.

காலையில் தோட்டத்துக் காவல்காரர்தான் அவளைக் கண்டெடுத்தார். ஓடைச் சரிவில் வழுக்கி விழுந்து, முழங்கால் பாறையில் நசுங்கி, மழையிலேயே கிடந்திருக்கிறாள். உயிர் இருந்தது. கால், டாக்டர்கள் எவ்வளவோ பார்த்தும் மடங்காத காலாகவே கூடியது.

ஆஸ்பத்திரியில் கால்மாட்டில் போய் நின்றான் அழகுமலை. அவள் திட்டியிருந்தால் ஆறியிருப்பான். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பான். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "அந்த ஜீப்புக்காரனப் போகச் சொல்லு," என்றாள் மகளிடம்.

அன்றோடு "மாப்ளே" போயிற்று. அழகுமலை ஜீப் சாவியை முதலாளி வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு வந்தான். தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஓமானுக்கு டிரைவராகப் போனான். ரப்பர் படகுகளை வண்டியில் கட்டிக் கரைக்கு இழுத்துப்போகிற வேலை. படகோட்டி லீவில் போன ஒரு மாதத்தில், கொல்லத்துக்காரரான கேப்டன் அவனையே படகிலும் ஏற்றிவிட்டார். அப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. ஒவ்வொரு லீவிலும் மூக்கம்மாள் இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் கடைக்குப் போவான். அவன் மனசில் இருந்த ஆசை ஒன்றுதான். அவள் ஒருதடவை அவனைக் கூப்பிட வேண்டும். மாப்ளே என்று வேண்டாம். எப்படியாவது.

போன பிப்ரவரியில் எட்டு விருந்தாளிகள் வந்தார்கள். அதில் ஹெல்கா என்று ஒரு கிழவி, எழுபது தாண்டியவள். முகமூடி போட்டதுபோல் கறுத்த முகமும் வெள்ளை உடம்புமாக ஒரு கடற்பறவை அந்தத் தீவுகளில் குஞ்சு பொரிக்கும். அதைப் பார்க்கவே அத்தனை தூரம் வந்திருந்தாள். காதில் கேட்கும் கருவி மாட்டியிருந்தாள். அழகுமலையைப் பார்க்கும்போதெல்லாம் பாதி பிஸ்கட்டை ஒடித்துக் கொடுப்பாள்.

நான்காம் நாள் காலையில் இறங்கிய தீவில், வேறொரு படகின் விருந்தாளிகளும் இறங்கியிருந்தார்கள். எல்லார் உடம்பிலும் அதே ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை. பத்து மணி இருக்கும். திடீரென்று வடக்குக் காற்று எழுந்தது. கடல் வெள்ளையாகப் பொங்க ஆரம்பித்தது. மணல் பறந்து கண்ணை மறைத்தது. கையிலிருந்த ஒயர்லெஸ்ஸில் கேப்டன் மலையாளத்தில் அவசரப்படுத்தினார்.

"எந்தா அழகுமல, நேரம் களயாதே. வேகம் வா."

விருந்தாளிகள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவந்து ஏறினார்கள். அழகுமலை பார்த்தான். எட்டுச் சட்டை. ஒயர்லெஸ் மறுபடி கத்தியது. அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. "கோ, கோ," என்றார் முன்னால் இருந்தவர்.

அழகுமலையின் கை மோட்டார்க் கயிற்றில் இருந்தது. இழுக்கவில்லை.

"நேம்," என்றான். "நெக்ஸ்ட் ஆள், நேம்."

ஒருவர் எரிச்சலோடு கையை வீசினார். அழகுமலை அசையவில்லை. வேறு வழியில்லாமல் சொல்லத் தொடங்கினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது ஆள் தன் பக்கத்தில் திரும்பினார், துண்டுக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார், அப்படியே நிறுத்திவிட்டார். அந்தப் பெண்ணை அவருக்குத் தெரியாது. மணல்காற்றில் படகு மாறி ஏறிய, அடுத்த படகின் விருந்தாளி அவள்.

அழகுமலை தண்ணீரில் குதித்தான். பாறைகளுக்கு நடுவே ஓடினான். ஹெல்கா, ஹெல்கா என்று கத்தினான். அந்தப் பெயர் அவன் வாயில் எப்போது வேறொரு பெயராக மாறியது என்று அவனுக்கே தெரியாது.

ஒரு பெரிய பாறையின் மறுபுறம், காற்றுப் படாத மூலையில், கிழவி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். காற்றில் கருவி விசிலடிக்கிறது என்று கழற்றிப் பையில் போட்டிருந்தாள். அவளுக்கு எதிரே தாய்ப்பறவை தன் குஞ்சை வயிற்றுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தது. யாரும் போனதும் அவளுக்குத் தெரியாது, வந்ததும் தெரியாது. அவனைப் பார்த்து, சத்தம் போடாதே என்று உதட்டில் விரலை வைத்தாள். அழகுமலை அந்த மணலிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

போக, தேட, கூட்டிவர எல்லாமாகப் பத்து நிமிஷம். அன்று மலையில் தான் செலவழிக்காத அந்தப் பத்து நிமிஷம்தான் அவனை அறுத்தது.

சாயங்காலம் படகில் எல்லாரும் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஹெல்கா கேப்டனை அழைத்துக்கொண்டு அவனிடம் வந்தாள். இந்த வழக்கத்தை யாரிடம் கற்றாய் என்று கேட்கச் சொன்னாள்.

"எங்க ஊர்ல மூக்கம்மான்னு ஒரு அத்தை," என்றான்.

கிழவி அந்தப் பெயரை மூன்று தடவை சொல்லிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த அம்மாவுக்கு என் நன்றியைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று அவன் கையைப் பிடித்து வாக்கு வாங்கிக்கொண்டாள். அவனும் தலையை ஆட்டிவிட்டான்.

மே மாதக் கடைசியில் தென்மேற்குக் காற்று அந்தக் கடலை மூடிவிடும். அதே காற்றுதான் போடி மலைக்கு மழையைக் கொண்டுவரும். படகைக் கரையேற்றிவிட்டு அழகுமலை ஊருக்கு வந்தான். வந்து மூன்று வாரம் ஆகியும் வாக்கு வாக்காகவே இருந்தது. சாப்பிடுவதும், மோட்டுவளையைப் பார்த்துப் படுத்திருப்பதுமாகக் கிடந்தான்.

"திமிங்கிலத்துக்குப் பக்கத்துல போயிருக்கேன்னு பீத்திக்கிறீக. நாலு தெரு தள்ளி ஒரு பொம்பளையப் பாக்கப் போக முடியல," என்றாள் சூர்யகலா.

"திமிங்கிலத்துக்கு நான் ஒண்ணும் பண்ணலயே," என்றான் அவன். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து சட்டையை மாட்டினான்.

மூக்கம்மாள் இப்போது ஓர் ஏலக்காய் வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் காய் பிரிக்கும் வேலை பார்த்தாள். பச்சைக் காயைத் தனியாகவும், வெடித்ததையும் கறுத்ததையும் தனியாகவும் ஒதுக்க வேண்டும். மற்றப் பெண்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு மட்டும் ஒரு ஸ்டூல். மடங்காத காலை நேராக நீட்டியிருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது.

அழகுமலை வாசலில் நின்றான்.

"வெளிச்சத்த மறைக்கிறது யாரு?" என்றாள் மூக்கம்மாள் பக்கத்துப் பெண்ணிடம்.

"அழகுமல அண்ணே வந்திருக்காக பெரியம்மா."

"ஜீப்புக்காரனா? இங்க யாரும் மலைக்குப் போகலன்னு சொல்லு."

"ஒரு சேதி சொல்ல வந்தேன் அத்தே. சொல்லிட்டுப் போயிர்றேன்," என்றான் அழகுமலை. நின்றபடியே சொன்னான். தீவை, காற்றை, எட்டுச் சட்டையை, கிழவியை, அவள் பெயர் எழுதிக்கொண்டதை. கோர்வையாக வரவில்லை. மூக்கம்மாளின் கை காயைப் பிரித்துக்கொண்டே இருந்தது.

"வெள்ளக்காரி நோட்டுல எம்பேரா? நல்ல பேரு கெடைக்காமப் போச்சாக்கும் அவளுக்கு."

பெண்கள் மெல்லச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"எம்புட்டு நேரம் கெடந்தா அந்தக் கெழவி?"

"பத்து நிமிசம் அத்தே."

"பத்து நிமிசம்." அவள் கை நின்றது. "பயந்துட்டாளா?"

"இல்ல. விட்டுட்டு வந்ததே அவளுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சுச்சு," என்றாள் மூக்கம்மாள். "வண்டி சாவி போட்ட சத்தம் கேட்டுச்சு. அவசரம் எதுக்கு, பேரு கேப்பான்னு இருந்தேன். கேட்டா நான் இல்லேன்னு தெரிஞ்சுருமேன்னு வாயத் தொறந்து கத்தக்கூட இல்ல. தோட்டத்து வளைவுல நீ கியர் மாத்துறவரைக்கும் காத்துக்கிட்டே இருந்தேன்."

அந்த ஒன்பது வருஷத்தில் அழகுமலை என்னென்னவோ நினைத்து வெந்திருக்கிறான். அவள் காத்திருந்திருப்பாள் என்று மட்டும் நினைத்ததில்லை.

அவன் திரும்பி நடக்கப் போனான்.

"ஞாயித்துக்கெழம இங்க சோலி இல்ல," என்றாள் அவள் பின்னாலிருந்து. "வண்டி ஒண்ணு கொண்டா. அந்த ஓடையப் பாக்கணும்."

"எதுக்கு அத்தே?"

"கனவுல வருசத்துக்கு வருசம் பெருசாகிக்கிட்டே போகுது. நெசத்துல எம்புட்டு இருக்குன்னு பாத்துட்டு வந்துருவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய முதலாளியின் ஜீப்பையே கேட்டு வாங்கிக்கொண்டு போனான். பின்சீட்டில் ஏற அவளால் முடியவில்லை. முன்சீட்டில், காலைக் கியர்ப் பக்கமாக நீட்டி உட்கார்ந்தாள். பதினேழு வளைவுக்கும் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடியே வந்தாள். மெட்டில் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் மூக்கை உறிஞ்சிக் குளிர்காற்றை இழுத்தாள். "இந்த வாசம் கெட்டுப்போகல," என்றாள். அவனிடம் சொன்னது மாதிரியும் இல்லை.

தோட்டத்தில் பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதுச்செடி வைத்திருந்தார்கள். முழங்கால் உயரம்தான். சரிவு முழுவதும் வெறிச்சென்று கண்ணுக்குத் தெரிந்தது. அவள் கம்பை ஊன்றிப் பாதை ஓரத்தில் நின்றாள். கீழே, கூப்பிடு தூரம்கூட இல்லாத இடத்தில், மூன்றடி அகல ஓடை ஒன்று கல்லுக்கு நடுவே கசிந்து போய்க்கொண்டிருந்தது.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். அவள் நெடுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கொட்டாவி விட்டாள்.

"போவோம். கால் கடுக்குது."

அவளைத் தூக்கி ஏற்றிவிட்டு, அழகுமலை வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். சாவியில் கை வைத்தான். திருப்ப முடியவில்லை. மேற்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஜீப்பில் இரண்டே பேர். எண்ண ஒன்றுமில்லை.

"என்னத்துக்கு நிக்கிற?"

அவன் திரும்பினான். முகத்தை நேராகப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மேலுதட்டில் இருந்த மரு இன்னும் அப்படியே இருந்தது.

"மூக்கம்மா," என்றான். அத்தையை முகத்துக்கு நேரே பெயர் சொல்லி அவன் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை.

அவள் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தூறல் அதில் விழுந்தது. பிறகு, மிகுந்த பிரயாசையோடு, கழுத்தைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அழகுமல," என்றாள்.

மாப்ளே என்று சொல்லவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

"எடு. மழ வருது."

மெட்டைத் தாண்டி நாலாவது வளைவு இறங்குவதற்குள் அவள் தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடங்காத கால் சரிந்து வந்து கியர்க் கம்பியில் சாய்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் அழகுமலை இடது கையால் அந்தக் காலை மெல்ல ஒதுக்கிவிட்டு, அவள் விழித்துக்கொள்ளாதபடி சத்தமில்லாமல் கியரை மாற்றினான். இன்னும் பதின்மூன்று வளைவு இருந்தது.